துரை எழுதிய எட்டு எழுத்து

பெப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. எதிர் மலை பத்து மணிக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. நான் பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் இன்று பத்தொன்பது பிள்ளைகள், மூன்றுக்குச் சளி. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய் ஒரு மணி நேரம் வரைக்கும் ஒரே அழுகை. எனக்கும் அழலாம் போல இருந்தது, தூக்கத்தான் ஆளில்லை.

தோட்டத்துத் துரை கடிதம் தந்துவிட்டார். கேட்டு ஐந்து நாள். மற்றவர்களுக்கெல்லாம் கேட்ட அன்றே கிடைக்கும். எனக்கு மட்டும் என்ன ஐந்து நாள்?

மாத்தளை டவுனில் சிறுவர் நல நிறுவனம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தர் வேலை. விண்ணப்பத்தோடு, இப்போதுள்ள மேலதிகாரியின் இரகசியக் கடிதமும் வேண்டுமாம். உறை ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்து இருக்க வேண்டும். கடைசி நாள் இருபதாம் தேதி.

கடிதத்தை நீட்டும்போது துரை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"ஒட்டின மாதிரியே குடுக்கணும் மிஸ். தொறக்க வேணாம்."

நான் திறப்பேன் என்று இவருக்கு யார் சொன்னது? அப்படிச் சொல்ல என்ன அவசியம்?

நாளைக்கு: சளி சிரப் முடியப்போகிறது, ஆபீசில் சொல்ல. பாய் இரண்டு காயப்போட. பிறப்புச் சான்றிதழ் போட்டோகொப்பி. தி.க்கு பஸ் காசு.

10, செவ்வாய்

வெயில். பாய் காய்ந்தது.

விண்ணப்பம் நிரப்பியாயிற்று. தி. பக்கத்தில் இருந்து ஆங்கிலப் பிழை பார்த்தாள். திவ்யாவுக்கு ஏ.எல். படிப்பு டவுனில். காலை ஐந்தரை பஸ்ஸில் போனால் வீடு திரும்ப ஏழு மணி. சாப்பிட்டபடியே தூங்கிவிடுகிறாள். இந்த வேலை கிடைத்தால் டவுனில் ஒரு அறை எடுத்து அவளோடு இருக்கலாம். பதினாலு வருஷம் ஊரார் பிள்ளைகளைப் பார்த்தாயிற்று. கொஞ்சம் என் பிள்ளையையும் பார்க்கிறேனே.

உறையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தடித்த தாள். ஒன்றும் தெரியவில்லை.

அப்பாவின் நினைப்பாகவே இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அண்ணனோடு சேர்ந்து வேலை செய்ய ஆசைப்பட்டார். அப்போதிருந்த துரை சிரித்த முகத்தோடு ஒரு கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தாராம். அப்பா அதைச் சட்டைக்குள் வைத்து, வேர்வை படாமல் நடந்தே கொண்டுபோனார். அந்தத் தோட்டத்துத் துரை படித்தார், சிரித்தார், கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து "போ" என்றார். பிறகு பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வாசித்துச் சொன்னாராம்: "இவன் தகராறு பிடித்தவன், சேர்க்க வேண்டாம்." தனக்கான சாபத்தைத் தானே சுமந்து போயிருக்கிறார் மனுஷன். சாகும்வரை எங்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "படிக்கத் தெரியாத கடுதாசிய கையில வாங்காதீங்க."

எனக்குப் படிக்கத் தெரியும். திறக்கத்தான் முடியாது.

11, புதன்

திறந்துவிட்டேன்.

எழுதவே கை கூசுகிறது. எழுதாவிட்டால் யாரிடம் சொல்வேன்? நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ் போட்டு, கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் காட்டினேன். மூன்று நிமிஷம் கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்று தெரிந்திருந்தால் ஒட்டுவதற்கே துரை யோசித்திருப்பார்.

ஆங்கிலத்தில் மொத்தம் நாலு வரி. பதினாலு வருஷமாக இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்ப்பவர். ஒரு நாள் கூடப் பிந்தி வந்ததில்லை. அடுத்த வரியில் "இவர் ஒரு" என்று எழுதி, பிறகு நான் வாழ்நாளில் கண்டிராத ஒரு சொல், பிறகு "பெண்" என்று இருக்கிறது. கடைசி வரி, இவரை அனுப்புவது எங்களுக்கு நஷ்டம்.

அந்தச் சொல்: எஸ், ஈ, டி, யூ, எல், ஓ, யூ, எஸ். எட்டு எழுத்து. செடுலஸ்? வாயில் வைத்துப் பார்த்தால் ஏதோ வியாதியின் பெயர் மாதிரி இருக்கிறது.

நஷ்டம் என்றால் என்ன நஷ்டம்? நல்ல மாதிரிச் சொல்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா?

சோற்றுப் பருக்கையை நசுக்கி மறுபடி ஒட்டினேன். கையெழுத்துக் கோட்டை மயிரிழை பிசகாமல் சேர்த்தேன். ஒரு மூலை மட்டும் சுருங்கிவிட்டது. மேலே அகராதியை வைத்து அழுத்தியிருக்கிறேன்.

தி. வந்ததும் "என்னம்மா வேர்க்குது?" என்றாள். அடுப்பு என்றேன்.

12, வியாழன்

பி.கா.வில் பிள்ளைகளுக்குச் சத்துமா கரைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டேன். கவனம் எல்லாம் அந்தச் சொல்லில்.

உறைமேல் இருந்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். தி. ஓ.எல். படிக்கும்போது வாங்கியது, சின்னது. அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் ஒரே பக்கத்தில் இருந்தன. முதலில் மயக்க மருந்து. அடுத்தது அடியில் தங்கும் மண்டி. அதற்குக் கீழே அரசாங்கத்துக்கு எதிராகக் கலகம் மூட்டுவது. அதற்கும் கீழே ஆசை காட்டிக் கெடுப்பது. அதோடு சரி, அடுத்த சொல் "பார்". துரை எழுதிய சொல் இல்லவே இல்லை.

நல்ல அயல் வீடுகள்தான்! அந்த வரிசையில் குடியிருக்கும் சொல் எப்படி யோக்கியமாக இருக்கும்?

தி.யிடம் கேட்க முடியாது. எங்கே பார்த்தீர்கள் என்பாள். அவளுக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. வராது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், நேற்று அடுப்பு என்று சொல்லும்வரை.

13, வெள்ளி

போனில் சிக்னல் கிடைப்பது மாரியம்மன் கோயில் வளைவில் மட்டும். சாமி கும்பிடப் போவதுபோல் போய் நின்று எட்டு எழுத்தையும் தட்டினேன்.

விடாமுயற்சியுள்ள. அயராது உழைக்கிற. கருத்தூன்றிச் செய்கிற.

அம்மாடி! அப்படியே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். பூசாரியார் "என்னம்மா, தலச்சுத்தா?" என்று கேட்டுத் தண்ணீர் தந்தார்.

சந்தோஷம் வீடு வரைக்கும் கூட நிற்கவில்லை. வழியிலேயே நினைப்பு வந்தது. உழைப்பாளி என்று சொல்ல, ஊருக்கெல்லாம் தெரிந்த சொல் இருக்கும்போது, இதை ஏன் தேடிப் பிடித்தார்? என்னோடு வேலை செய்த யோகராணி கார்மென்ட்ஸுக்குப் போனபோது துரை கொடுத்த கடிதத்தை எனக்குக் காட்டினாள். "நேர்மையானவர், கடின உழைப்பாளி." இரண்டும் இருந்தது. எனக்கு உழைப்பு மட்டும் இருக்கிறது. நேர்மை எங்கே?

அந்த எலி விஷயம்தான். வேறு எதுவாக இருக்கும்?

இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். போன வருஷம், கொழுந்து பறிக்கிற லெட்சுமிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து அவள் வேலைக்குப் போக முடியாமல் கிடந்த நேரம். புருஷனும் விட்டுப் போய்விட்டான். பி.கா. அலுமாரியில் இருந்து ஒன்பது சத்துமாப் பக்கெட் அவளுக்குக் கொடுத்தேன். பதிவில் "எலி கடித்து வீசப்பட்டது" என்று எழுதினேன். துரை அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எலியா மிஸ்?"

"ஆமாங்க சேர்."

அவ்வளவுதான். கையெழுத்து வைத்தார். அன்றைக்கே மனதில் கள்ளி என்று எழுதிக்கொண்டாரோ? ஒரு பக்கெட் கூட என் வீட்டு வாசல் தாண்டவில்லை. தி. தலைமேல் சத்தியம்.

14, சனி

ஆபீஸ் அரை நாள். சளி சிரப் கேட்கும் சாக்கில் கிளாக்கர் சிவலிங்கத்திடம் போனேன். தோட்டத்து ஆங்கிலக் கடிதம் எல்லாம் அவர் கையால்தான் டைப் ஆகும். பி.கா. புது ஹெல்பருக்கும் ஒரு நாளைக்குக் கடிதம் தேவைப்படும், பழைய மாதிரி ஒன்றைக் காட்டுங்கள் என்றேன். வாய் கூசாமல் வருகிறது இப்போது.

பைலைத் தள்ளினார். டிரைவர், வாட்ச்சர், பங்களாவில் சமைக்கிற அப்பு, யோகராணி. எல்லாவற்றிலும் ஒரே வரி. நேர்மையானவர், கடின உழைப்பாளி. குடித்துவிட்டு லொறியை ரோட்டோரக் கானுக்குள் விட்ட டிரைவருக்குக் கூட நேர்மை இருக்கிறது!

"என்னோடதோட கொப்பி இல்லீங்களா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"ஒங்களோடது நா அடிக்கல்லீங்க டீச்சர். தொர பங்களாவுலயே வச்சு அவரே அடிச்சாரு. மூனு நாளா ஏதோ பெரிய பொஸ்தகத்த எல்லாம் தொறந்து வச்சிக்கிட்டு இருந்தாருன்னு அப்பு சொன்னான்."

மூன்று நாள்! கிளாக்கர் கண்ணில் கூடப் படாமல்! எனக்குக் குழி வெட்ட மூன்று நாளா தேவைப்பட்டது?

சிரப் வாங்க மறந்துவிட்டேன்.

15, ஞாயிறு

தி.யின் அப்பா வந்திருந்தார். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் லொறிக்குச் சாமான் ஏற்றும் வேலை, மாதத்தில் இரண்டு ஞாயிறு லீவு. ஒரு பை கரட், ஒரு பூசணித் துண்டு. தி. துணி துவைக்கத் தண்ணீர்ப் பீலிக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தொறந்தியா?"

"தொறந்தேன்."

"ஒனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? நல்லாத்தானே எழுதியிருக்காரு. கொண்டு போய்க் குடுத்துட்டு வேலையப் பாரு."

"நேர்மைன்னு எழுதல்லியே. அவங்க மத்த கடுதாசியோட வச்சுப் பாத்தா இவ மட்டும் கள்ளின்னு நெனக்க மாட்டாங்களா?"

"நீயே சொல்லிக் குடுப்ப போல இருக்கே."

கோபத்தில் ரசத்தை அவர் சோற்றில் ஊற்றாமல் பாயில் ஊற்றிவிட்டேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மூன்று மணி பஸ்ஸுக்குப் போகும்போது மறுபடி சொன்னார். "மகேசு, அந்த மனுசன்கிட்ட போயி எதையும் கேட்டு வைக்காத. கேட்டியோ, நீயே மாட்டிக்குவ."

ஆம்பிளைகளுக்கு எல்லாம் லேசு.

16, திங்கள்

மழை தூறல். பி.கா.வில் இருபத்தொரு பிள்ளைகள்.

பத்தரைக்குத் துரை வந்தார். லெட்சுமியின் இரட்டைகளில் ஒன்று அவர் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. விழாமல் இருக்க அவரும் அசையாமல் நின்றார். போகும்போது கேட்டார்.

"கடிதம் குடுத்தாச்சா மிஸ்?"

"இல்லீங்க சேர். இந்த வாரம்."

"அங்க ஏதும் சொன்னா எனக்கும் சொல்லுங்க. எப்படி எடுத்துக்கிறாங்கன்னு பாக்கணும்."

எதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று? வைத்த வெடி வெடித்ததா என்று பார்க்கவா? முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை சிரிப்பது மாதிரி.

இன்னும் நாலு நாள். முடிவு செய்துவிட்டேன். கடிதம் மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்று கேட்பேன். பேச்சோடு பேச்சாக, "மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே தாருங்கள்" என்பேன். அவ்வளவுதான். ஒரு சொல் கூட மேலே பேசக் கூடாது.

17, செவ்வாய்

பேசிவிட்டேன். மேலே பேசிவிட்டேன்.

ஐயோ.

ஒழுங்காக எழுதுகிறேன். ஒன்பது மணிக்கு ஆபீஸ். துரை உட்காரச் சொன்னார். கடிதம் நனைந்துவிட்டது என்றேன். "ஹரி, ஹரி, அது பரவாயில்ல" என்றார், 'சரி' மட்டும் சிங்களத்தில். "என்கிட்ட இருக்கு. அதே மாதிரி அடிச்சுத் தர்றேன்."

அதே மாதிரி என்றதும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"அதே மாதிரி வேணாங்க சேர். டிரைவருக்குக் கூட நேர்மைன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் எழுதல்ல? நா என்ன களவா எடுத்தேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. துரை பேனாவை மூடி வைத்தார். வெளியே சிவலிங்கத்தின் நாற்காலி கிரீச்சிடுவது நின்றுபோனது.

"கடிதத்துல என்ன இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்?"

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"எலின்னு சொன்னீங்க. லெட்சுமிக்குக் குடுத்தீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒரு பொய் எழுதின ஆளுக்கு நேர்மைன்னு எழுத எனக்குக் கை வரல்ல. கிளாக்கர் அடிக்கிறது வேற, அது எல்லாருக்கும் ஒன்னு, அத நா வாசிக்கிறதும் இல்ல. ஒங்களுக்கு அப்படிக் குடுக்க விருப்பம் இல்ல. ஒங்களுக்குன்னு நீங்க ஒன்னும் எடுக்கல்ல. ஒரு சூதும் இல்ல. அதுக்கு ஒரு வார்த்த தேடினேன்."

கண்டியில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பாதிரியார் ஒருவர் லத்தீன் சொல்லிக் கொடுத்தாராம். அந்தப் பாஷையில் "சே டோலோ" என்று இரண்டு சொல். டோலோ என்றால் சூது, ஏமாற்று. சே என்றால் இல்லாமல். சூதில்லாமல் செய்கிற வேலை. இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகி, அதில் பிறந்த சொல் பிற்பாடு ஆங்கிலத்துக்கு வந்ததாம். மனதில் கள்ளம் இல்லாதவன் வேலையைத் தட்டிக்கழிக்க மாட்டான், முழுதாகச் செய்வான், அதனால் அயராத உழைப்பு என்ற பொருளே நிலைத்துவிட்டது என்றார். அடிவேரில் இருக்கும் சூதின்மை இப்போது யாருக்கும் தெரியாதாம்.

"வாசிக்கிறவங்களுக்கு உழைப்புன்னு வெளங்கும். அது போதும். மத்தது எனக்குத் தெரிஞ்சா சரின்னு நெனச்சேன்."

அவர் மேசையின் மேல் அந்தப் பெரிய அகராதி இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன், பிறகு முடியவில்லை.

"எப்படித் தொறந்தீங்க?"

"ஆவியில... சேர்."

தலையை ஆட்டினார். நாளைக்கு வரச் சொன்னார்.

பதினாலு வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு மனுஷன் மூன்று நாள் யோசித்திருக்கிறார். என் அம்மா அப்பா கூட அவ்வளவு யோசித்திருப்பார்களோ தெரியாது. வெட்கத்தில் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. தி. என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

18, புதன்

வெயில்.

துரை ஆபீசில் இல்லை. கொழுந்து பறிப்பதைப் பார்க்க வயலட் மலைக்குப் போய்விட்டாராம். சிவலிங்கம்தான் கொடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க கேட்ட மாதிரியே அடிக்கச் சொன்னாரு டீச்சர்" என்றார்.

உறை ஒட்டாமலே இருந்தது, மடிப்பின் மேல் துரையின் கையெழுத்து மட்டும் இருந்தது. வாசித்தேன். மகேஸ்வரி என்பவர் இந்தத் தோட்டத்தில் பணிபுரிந்தார். நேர்மையானவர், கடின உழைப்பாளி. யோகராணியின் கடிதத்தில் பெயரையும் வருஷத்தையும் மாற்றியிருக்கிறது. நஷ்டம் என்ற வரி இல்லை.

நான் சூதில்லாமல் இருந்தபோது நேர்மை என்ற சொல் வரவில்லை. இப்போது கேட்டு வாங்கியிருக்கிறேன்.

பழைய கடிதத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதையே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பஸ்ஸில் ஏறும் வரைக்கும் நினைத்தேன். சுருங்கின மூலையைப் பார்க்கப் பார்க்க மனம் வரவில்லை. யாரைப் பற்றியோ எழுதின கடிதம் அது. பிற்பகல் டவுனில் தபால் கந்தோர் பசையால் கையெழுத்துக் கோடு சேரும்படி புதியதை ஒட்டி, நிறுவனத்தில் கையில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை அதை மற்ற உறைகளோடு போட்டது.

19, வியாழன்

லேசான பனி. பதினெட்டுப் பிள்ளைகள்.

பத்தரைக்குத் துரை வந்தார். குழந்தைகளைப் பார்த்தார். சளி எப்படி என்று கேட்டார், குறைவு என்றேன். கடிதம் கொடுத்தாயிற்றா என்று கேட்கவில்லை. நானாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"அலுமாரியத் தொறங்க மிஸ்."

பதினாலு வருஷமாக நான் சொல்லும் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறவர். இன்றைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு பக்கெட்டாக விரல் வைத்துத் தானே எண்ணினார். முப்பத்தாறு. பதிவிலும் முப்பத்தாறு.

"சரி" என்றார்.

கையெழுத்து வைத்தார். அலுமாரியைத் தானே பூட்டினார், சாவியை என்னிடம் திருப்பித் தரவில்லை.